பிறர் கையெழுத்தை வாசித்தல்

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள், தமிழ்ப் பாடநூலை எந்தப் பக்கத்தில் திறந்து கொடுத்தாலும் தட்டாமல் வாசிப்பாள். சுவாமிமலை வீட்டில் பரண் ஒழித்த அன்று கிடைத்த ஓர் இன்லண்ட் லெட்டரை அவளிடம் நீட்டினேன். திருச்சியில் வேலையிலிருந்த என் அப்பாவுக்குத் தாத்தா எழுதியது. நீல மை, நெருக்கமான எழுத்து, ஓரத்து மடிப்பிலும் இடம் விடாமல் எழுதியிருந்தார். அவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். ‘மாமா, இது தமிழா?’ என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவளுக்குச் சந்தேகம்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளுக்கும் தாத்தாவுக்கும் இடையில் மூன்று தலைமுறை. ஆனால் கடிதத்துக்கு வயது நாற்பதுதான். மொழி அதே மொழி, ஊரும் அதே ஊர். அச்சில் கிடைத்திருந்தால் அரை நிமிடத்தில் வாசித்து முடித்திருப்பாள்.

நம் பள்ளிகளில் கையெழுத்து என்றால் அழகாக எழுதுவது, அவ்வளவுதான். இரட்டைக் கோடு நோட்டு, நாலு கோடு நோட்டு, மேல் வரியைப் பார்த்துப் பக்கம் முழுக்க எழுதி நிரப்புவது, கடைசியில் சிவப்பு மையில் ஒரு ‘நன்று’. பிறர் எழுதியதை வாசிப்பது என்று ஒரு பாடம் எந்த வகுப்பிலும் கிடையாது. அது தானாக வரும் என்று இருந்தோம், வந்துகொண்டும் இருந்தது. தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தைக் கண் மங்கிய பாட்டிக்குப் பிள்ளைதான் வாசித்துக் காட்டியது. மளிகைச் சிட்டை, பால் கணக்கு, கல்யாணத்துக்கு மொய் எழுதிய நோட்டு என்று வீட்டில் பத்துப் பேர் கையெழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இன்று சிட்டை கைப்பேசிக்குப் போய்விட்டது. பிள்ளை நாள் முழுக்கப் பார்ப்பது இரண்டொரு அச்சு வடிவங்களைத்தான். எழுதக் கற்றுத் தருகிறோம், வாசிக்கக் கற்றுத் தருவதில்லை. அது வேறு திறமை, தனியாகச் சொல்லித் தரவேண்டியது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

மேலை நாடுகளில் இந்தப் பேச்சு வேறு வழியில் போயிருக்கிறது. அமெரிக்காவில் 2010இல் வந்த பொதுப் பாடத்தரம், எழுத்துகளைச் சேர்த்தெழுதும் கூட்டெழுத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பல மாநிலங்கள் கைவிட்டன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கலிபோர்னியா 2023இல் சட்டம் இயற்றி, 1 முதல் 6ஆம் வகுப்பு வரை அதை மீண்டும் கட்டாயமாக்கியது. பின்லாந்து 2016இல் கூட்டெழுத்துப் பயிற்சியைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டது. இந்த வழக்கெல்லாம் பிள்ளை எப்படி எழுதவேண்டும் என்பதைப் பற்றியது. எழுதுவது அவரவர் கைக்குத் தோதாக இருந்துவிட்டுப் போகட்டும். வாசிக்கத் தெரியாமல் போனால் நிலைமை வேறு. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் தன் பழைய தாள்களைப் படித்துப் பெயர்த்தெழுதத் தன்னார்வலர்களை அழைக்கிறது. கூட்டெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே தனி மதிப்பு வந்துவிட்டது.

பிள்ளையின் கண் எழுத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் கண்டவை நமக்கு நேராக உதவும். பிரான்சில் மரீக் லோங்காம்ப் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எழுத்துகளைக் கையால் எழுதியும், மற்றவர்கள் விசைப்பலகையில் தட்டியும் கற்றார்கள். அவர்களில் மூத்த பிள்ளைகளிடம், கையால் எழுதியவர்களே எழுத்தைச் சரியாக இனங்கண்டார்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் 2012இல் இன்னும் வாசிக்கத் தொடங்காத ஐந்து வயதுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தாமே எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான், பிற்காலத்தில் வாசிப்புக்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஜூலியா லீயும் கரின் ஜேம்ஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கிரேக்க எழுத்துகளைக் கற்றுக் கொடுத்தார்கள். சிலர் தாமே எழுதினார்கள். சிலருக்கு ஒரே அச்சு வடிவத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சிலர் எழுதவே இல்லை, ஆனால் பலவிதமாக எழுதப்பட்ட வடிவங்களைப் பார்த்தார்கள். தாமே எழுதியவர்களுக்கு வந்த தேர்ச்சி, பலவிதத்தையும் பார்த்தவர்களுக்கும் வந்தது. ஒரே வடிவத்தையே பார்த்தவர்கள்தான் பின்தங்கினார்கள். பிள்ளை எழுதும் ‘அ’ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோணலாக வருகிறதே, அந்தக் கோணல்தான் பாடம். எது மாறினாலும் ‘அ’ ‘அ’வாகவே இருக்கிறது, எது மாறினால் வேறு எழுத்தாகிறது என்பதை அது காட்டிக் கொடுக்கிறது.

சுவாமிமலைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஆய்வே வேண்டாம். இங்கே ஸ்தபதிகள் தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிக்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். அளவு ஒன்றுதான், சாத்திரமும் ஒன்றுதான். ஆனால் மெழுகில் கையால் உரு செய்து, காவிரி வண்டலை அப்பி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை வார்த்தபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஓர் அச்சில் ஒரு சிலைதான். அதனால் இரண்டு நடராசர் ஒன்றுபோல் இருப்பதில்லை. பட்டறை வாசலில் வளரும் பிள்ளை அத்தனையையும் பார்த்துத்தான், தூக்கிய திருவடி எவ்வளவு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் இது நடராசர் என்று சொல்லப் பழகுகிறது. எழுத்துக்கும் வழி இதுதான்.

ஆங்கிலத்தைப் போல் பள்ளி வகுத்துக் கொடுத்த கூட்டெழுத்து தமிழுக்கு இல்லை. ஆனாலும் வேகமாக எழுதும் எந்தத் தமிழ்க் கையும் பேனாவை முடிந்தவரை தூக்காமல்தான் ஓடுகிறது. ஓடும்போது எழுத்துகள் ஒன்றன் சாயலை ஒன்று வாங்கிக்கொள்கின்றன. ‘ண’ ஒரு சுழியை இழந்து ‘ன’ ஆகிறது. ‘ர’ தன் சாய்ந்த காலை விட்டால் துணைக்கால் ஆகிவிடுகிறது. ‘ழ’வும் ‘மு’வும் அண்ணன் தம்பி போல நிற்கின்றன. புள்ளி பறந்துபோய் அடுத்த எழுத்தின் தலையில் உட்காரும், சிலர் கையில் சின்னக் கோடாக நீளும், சிலர் வைப்பதே இல்லை. பிள்ளை தடுமாறுவது இந்த நாலைந்து இடங்களில்தான். 247 எழுத்தையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தாத்தா கடிதத்தில் இன்னொரு தடையும் இருந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு, பெரியார் 1935இலிருந்து தம் இதழில் கையாண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. அதற்கு முன் ‘லை’ என்றால் ‘ல’வின் தலையிலேயே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு ஏறி நிற்கும். ‘னா’ என்றால் துணைக்கால் தனியாக நிற்காது, ‘ன’வின் வாலோடு சுருண்டுகொள்ளும். பழகிய கை அரசாணைக்காக மாறுவதில்லை. தாத்தா தம் கடைசிக் காலம் வரை துதிக்கையை விடவில்லை. அந்த 13 எழுத்தைப் பழைய வடிவத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவற்றைக் கற்றுக்கொள்ள அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. இத்தனை எளிதான ஒன்றைப் பாடநூலில் ஒரு பக்கம் ஒதுக்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடலாம். 1978க்கு முன் அச்சான தமிழ்ப் புத்தகம் அத்தனையும் அந்த ஒரு பக்கத்தில் திறந்துகொள்ளும்.

கடிதத்தின் தலைப்பில் தேதி ‘௵ ௴ ௳’ என்று இருந்தது. வருஷம், மாதம், நாள் என்பதற்கான குறிகள். மேற்படிக்கு ‘௸’, ரூபாய்க்கு ‘௹’. பழைய பத்திரம் பார்த்தவர்களுக்கு இவை தண்ணீர் பட்ட பாடு. இப்போது யூனிகோடிலும் ஏறி, கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. குறி புரிந்ததும், அதற்கு முன்னாலிருந்த வருஷப் பெயரில் அவள் மாட்டிக்கொண்டாள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட நீண்ட சொல். ‘ரு’ தெரிகிறது, நடுவில் ஒரு ‘ரோ’ தெரிகிறது, கடைசியில் ‘ரி’.

சுவாமிமலை முருகன் கோயிலுக்கு 60 படிகள். 60 தமிழ் வருஷங்களுக்கு ஒவ்வொரு படி, பெயரும் பொறித்திருக்கிறது. அன்று சாயங்காலம் அவள் கடிதத்தின் அந்த ஒரு சொல்லைத் தாளில் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று ஒப்பிட்டுக்கொண்டே ஏறினாள். எத்தனையோ தடவை ஓடி ஏறிய படிகளை அன்றுதான் வாசித்தாள். ருத்ரோத்காரி. 60இல் 57ஆவது. அந்தப் பெயர் 1923இலும் வரும், 1983இலும் வரும். எது என்று அவளே யோசிக்கட்டும் என்று விட்டேன். இன்லண்டின் மேல் அச்சாகியிருந்த தபால் கட்டணம் பைசாவில் இருந்தது. நம் நாட்டில் அணா போய் நயா பைசா வந்தது 1957இல். ஆக ருத்ரோத்காரி தை 12 என்பது 1984 ஜனவரி. தகப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை குடியிருக்கும் மலையில், அவள் எனக்கு அதை விளக்கிச் சொன்னாள்.

கையெழுத்து வாசிப்பில் பாதி, கண்ணுக்கு வெளியே இருக்கிறது. என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். நம் வட்டாரத்தில் இதற்கு உ.வே.சாமிநாதையரைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1855இல் பிறந்தவர், பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த புதிதில், அங்கு முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருடைய ஏட்டு வாழ்க்கை தொடங்கியது.

ஏட்டுச் சுவடியை நினைத்துப் பாருங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. எழுத்தாணி முனை ஓலையைப் பொத்துவிடும் என்பதால் புள்ளி வைக்க மாட்டார்கள். ‘மன்னன்’ என்பது ‘மனனன’ என்று கிடக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் கொம்பையும் சுழியையும் பிரித்து அதைத் தீர்த்தார் என்றாலும் ஏடுகள் பழைய வழியிலேயே போயின. எரியா ஏரியா, கொடுவா கோடா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட சாமிநாதையருக்கே சிந்தாமணி பிடிபடவில்லை. எழுத்து தெரிந்தது, தமிழ் தெரிந்தது, சமண சமயம் தெரியவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், அவர்கள் வழிவழியாகப் படித்து வந்ததைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பொருளை வைத்துக்கொண்டு திரும்ப ஏட்டைப் பார்த்தபோதுதான் இருண்டு கிடந்த வரிகள் வெளுத்தன. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஒரே நூலுக்குப் பல ஏடுகளைப் பக்கத்தில் பரப்பி, ஒரு கை விட்டதை இன்னொரு கையில் தேடினார். பலவிதத்தைப் பார், பொருளைத் தெரிந்துகொள் என்ற இரண்டையும் அவர் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே செய்து காட்டியிருக்கிறார்.

இதே வட்டாரத்தில் வாசிப்பு அறுந்துபோன கதையும் உண்டு. தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்டார்கள். அரண்மனைக் கணக்குகளையும் உத்தரவுகளையும் மோடி எழுத்தில் எழுதினார்கள். மோடி என்பது மராத்தியின் கூட்டெழுத்து. தாளின் குறுக்கே முதலில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, கையை எடுக்காமல் எழுத்துகளை அதிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டே போவார்கள். இகரத்தில் குறில் நெடில் பார்ப்பதில்லை. வேகத்துக்காகப் பிறந்த எழுத்து. சரசுவதி மகால் நூலகத்தில் மோடித் தாள்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அரசு போனபின் அந்த எழுத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை. அதை வாசிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணும் நிலை வந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டதால் கொஞ்சமாவது நமக்குக் கிடைத்தது. தாள் கெடவில்லை, மை அழியவில்லை. வாசிக்கும் கண்தான் இல்லாமல் போனது.

ஆங்கிலக் கூட்டெழுத்துக்கு வருகிறேன், பெற்றோர் அதிகம் கேட்பது அதைத்தான். தனியார் நர்சரியில் படித்த பிள்ளைகளை யு.கே.ஜி.யிலேயே நாலு கோடு நோட்டில் சேர்த்தெழுத வைத்துவிடுகிறார்கள். மற்ற பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஓடவிடும் எழுத்தில்தான் முதன்முதலாக அதைப் பார்க்கிறார்கள். இங்கேயும் பயம் வேண்டியதில்லை. 26 சின்ன எழுத்துகளில் பெரும்பாலானவை அச்சைப் போலத்தான் இருக்கும், முன்னும் பின்னும் ஒரு வால் சேர்ந்திருக்கும். அடையாளம் மாறுவது எஃப், ஆர், எஸ், இசட், கொஞ்சம் பி, கே. எஃப் மேலே ஒரு வளையமும் கீழே ஒரு வளையமுமாக நீளும். ஆர் தோள்பட்டை போலத் தட்டையாகிவிடும். எஸ் பாய்மரம் மாதிரி ஒரு பக்கம் சாயும். இசட் கோட்டுக்குக் கீழே வாலைத் தொங்கவிடும். பெரிய எழுத்துகளில் ஜி, க்யூ, எஸ், இசட் நான்கும் ஏமாற்றும். இவற்றைப் பிள்ளை நோட்டில் எழுதி நிரப்ப வேண்டாம். ஆள்காட்டி விரலால் அந்த வளைவின் மேலேயே ஓட்டிப் பார்த்தால் போதும். கை போன வழி தெரிந்துவிட்டால், அடுத்தவர் அதை எத்தனை அவசரமாக எழுதினாலும் கண் அந்த வழியையே தேடும்.

வாசிக்க எதைக் கொடுப்பது என்றால், சுவாமிமலைப் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. எட்டுக் கிலோமீட்டர் போனால் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. கணித மேதை இராமானுசன் வளர்ந்த வீடு அங்கே சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. பலகையில் எழுதி முழங்கையால் அழித்துக் கணக்குப் போட்டவர், முடிவுகளை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகளை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் அவர் கையெழுத்தாகவே படி எடுத்து அச்சிட்டது. கணக்கு புரியாவிட்டாலும், இடையிடையே அவர் எழுதியிருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். இன்னொன்றும் அவர்களுக்குச் சொல்லலாம். 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு காகிதக் கட்டைப் பிரித்த கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், 100க்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்தக் கட்டு இராமானுசனின் கடைசிக் காலத்து வேலை என்று கண்டுகொண்டார். அந்தக் கணக்கில்தான் ஆண்ட்ரூஸ் முனைவர் பட்டத்துக்கு உழைத்திருந்தார். விஷயம் தெரிந்த கண்ணுக்கு அந்தக் கட்டு பேசியது.

தாத்தா கடிதத்துக்கு நாங்கள் மூன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டோம். முதல் நாள் வரிசையாக வாசிக்கவே இல்லை. தெரிந்த பெயர்களைத் தேடச் சொன்னேன். அவள் தாத்தா பெயர், அம்மா பெயர், ஊர்ப் பெயர். கிடைத்த பெயரிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக உரித்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் போட்டாள்: தாத்தாவின் ‘ம’ இப்படி, தாத்தாவின் ‘சு’ இப்படி. ஒரு கைக்கென்று ஓர் அரிச்சுவடி. வாசிக்க முடியாத சொல்லில் நின்று முட்ட வேண்டாம், புள்ளி வைத்துவிட்டு மேலே போ என்றேன். ஊகித்து வாய்க்கு வந்ததைச் சொல்வதைவிட வெற்றிடம் நல்லது, திரும்பி வரும்போது நிரம்பும்.

இரண்டாம் நாள் ஒரு வேலை வைத்தேன். ‘காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது’ என்ற ஒரே வரியை வீட்டிலிருந்த ஐந்து பேரும் தங்கள் வழக்கப்படி எழுதித் தரவேண்டும். எதிர்வீட்டு ஆச்சியும் எழுதினார். ஆறு ‘ண்ணீ’யும் ஆறு விதம். அவள் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்று வைத்து, எது எல்லாரிடமும் இருக்கிறது என்று வட்டமிட்டாள். லீயும் ஜேம்ஸும் கிரேக்க எழுத்தில் செய்ததை நாங்கள் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் செய்தோம். எந்த வகுப்பறையிலும் செய்யலாம், செலவு ஒரு தாள்.

பிறகு வேகம் பிடித்தது. ‘க்ஷேமம், உபயக்ஷேமம்’ என்ற தொடக்கத்தைச் சொல்லிக் கொடுத்ததும் முதல் இரண்டு வரி தானே விழுந்தது. கடிதத்துக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, அது பாதி வாசிப்பை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. நடுவில் நின்றாள்.

‘மாமா, நிற்கன்னு போட்டிருக்கே, யாரை நிக்கச் சொல்றாங்க?’

சொன்ன சேதி அப்படியே நிற்கட்டும், இனி வேறு சேதி என்று அர்த்தம் என்றேன். அடுத்த வரியில் ‘மாவுக்கு எட்டு மூட்டை’ என்று சரியாகவே படித்தாள். ஆனால் அவள் நினைத்தது இட்லி மாவு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று சொன்னபின்தான், தை மாதம், அறுவடை, கண்டுமுதல் என்று அந்தப் பத்தி முழுதும் ஒரு சேர எழுந்து நின்றது. அதற்கப்புறம் தாத்தாவின் எழுத்து திடீரென்று தெளிவாகிவிட்டதாக அவள் சொன்னாள். எழுத்து எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

ஒரு சொல் மட்டும் எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை. மடிப்பு விழுந்த இடம், நாலு எழுத்து, நடுவில் துதிக்கை. நான் ‘தலையணை’ என்றேன், வரிக்குப் பொருந்தவில்லை. புள்ளி வைத்து விட்டுவிட்டோம். மறுநாள் காலை பால் ஊற்ற வந்த பெரியவரிடம் அவளே கடிதத்தை நீட்டியிருக்கிறாள். ஐந்தாவதோடு நின்றவர், எழுபது வயதுக்கு மேல், ஒரு காலத்தில் தாத்தாவின் நிலத்துக்குத் தண்ணீர் கட்டியவர். கேனைக் கீழே வைத்து, தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘தலைமடை பாப்பா, தலைமடை வயலைச் சொல்றாரு’ என்றார். அவள் உள்ளே ஓடிவந்து, நாள்காட்டித் தாளில் ‘லை’க்குப் பக்கத்தில் காலியாக விட்டிருந்த கட்டத்தை நிரப்பினாள்.